பலாமரத்துக்கு ஒரு ஜாமீன்

முனுசாமி மரம் அறுக்கும் மிஷினின் கயிற்றை ஒரு இழு இழுத்தார். முதல் இழுப்பில் அது இருமியது. இரண்டாவது இழுப்பில் பற்றிக்கொண்டது. எங்கள் வீட்டுச் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் கடைவாய்ப் பல்லும் அதிர்ந்தது. "நிறுத்துப்பா!" என்று கத்தினேன். கத்தியது எனக்கே கேட்கவில்லை.

அடுத்த மூச்சு விடுவதற்குள் ரம்பம் பலாமரத்தின் பட்டைக்குள் இறங்கிவிட்டது.

அவரை மரத்தை வெட்டுவதற்காக நாங்கள் கூப்பிடவில்லை. வெட்டுகிற மாதிரி மிரட்டத்தான் கூப்பிட்டோம். மிரட்டினால் மரம் பயந்துபோய்க் காய்க்கும் என்று ஒரு வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் பயப்படுகிற வேலையை இதுவரை நான் ஒருவன்தான் பார்த்துவந்தேன். அதை ஒரு நாள் மரத்திடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தது இப்படி ஆயிற்று.

குரோம்பேட்டையில் எங்கள் லேத் பட்டறை மூடின கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பழைய கூட்டாளி ஒருவன் போன் செய்தான். "இன்னாடா, நீ எதைப் பார்த்தாலும் பயந்துகினே இருந்திருக்கே?" என்றான். உண்மைதான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படித்தவர்களுக்கு எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பயந்துவிடுவேன். கேஸ் அடுப்பை மூடிவிட்டுத் திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பேன். பிறகு, தொட்டபோது திறந்துவிட்டேனோ என்று மறுபடியும் போய்ப் பார்ப்பேன்.

மனையோடு வந்த மரம்

மாடம்பாக்கத்தில் நாங்கள் மனை வாங்கியபோது மரமும் அதோடு சேர்ந்து வந்தது. ஒரு காலத்தில் அங்கே தோப்பு இருந்ததாம். தோப்பைக் கூறு போட்டவர்கள் எல்லா மரத்தையும் எடுத்துவிட்டு, மூலையில் இருந்ததால் இதை மட்டும் விட்டுவிட்டார்கள். நான் முதன்முதலில் பார்த்தபோது அடிமரத்தில், என் இடுப்பு உயரத்தில், முள்ளு முள்ளாகக் காய் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்று, குனிந்து பார்க்கிற மாதிரி தரையை ஒட்டி இருந்தது.

மாமரம் கிளை நுனியில் காய்க்கும். பலா அப்படியில்லை. இளசாக இருக்கும்போது கிளையில் காய்க்கும். வயதாக ஆக, அடிமரத்துக்கு இறங்கி வரும். பாரத்தைத் தூக்கித் தோளில் வைக்க முடியாதவன் இடுப்பில் வைத்துக்கொள்கிற மாதிரி.

வீடு கட்டினோம். அஸ்திவாரத்துக்குத் தோண்டினார்கள், மண் கொட்டி உயர்த்தினார்கள், போர்வெல் போட்டார்கள். அந்த வருஷத்தோடு காய்ப்பு நின்றது.

மரம் மட்டும் நன்றாகத்தான் இருந்தது. வெயில் காலத்தில் தெருவே வெந்துபோகும்போதும் அதனடியில் மண் ஈரமாக இருக்கும். செவ்வெறும்புகள் இலையோடு இலையைத் தைத்துப் பந்து மாதிரி கூடு கட்டும். அணில் வரும். காக்கா கூட்டில் குயில் முட்டை வைத்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி கூவும். ஆடு வைத்திருப்பவர்கள் தழைக்கு வருவார்கள். என் மனைவி கஸ்தூரி நாலு இலையைத் துடைப்பக் குச்சியால் குத்திக் கிண்ணம் செய்து அதில் மாவை ஊற்றி அவிப்பாள். அந்த இட்லிக்கு ஒரு பச்சை வாசனை வரும்.

பிஞ்சு மட்டும் நிற்கவில்லை. வருஷா வருஷம் விரல் நீளத்துக்குப் பச்சையாக வரும், கறுத்து, பூஞ்சை பிடித்து உதிரும். அதைப் பெருக்கி அள்ளும்போதெல்லாம் எத்தனை போயிற்று என்று எண்ணுவேன். ஒரு நர்சரிக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இது பிஞ்சே இல்லண்ணா, ஆண் பூ," என்றார் அவர். "இது கொட்டத்தான் செய்யும். அந்தப் பூஞ்சை வாடைக்குத்தான் சின்னச் சின்னப் பூச்சி வரும். அதுங்கதான் மகரந்தத்தைப் பொண்ணு பூவுக்கு எடுத்துக்கினு போவும். உன் மரத்துல பொண்ணு பூவே வரல போலக்கீது."

இத்தனை வருஷமும் பூவுக்குத்தான் துக்கம் கொண்டாடியிருக்கிறேன் என்று தெரிந்து, கையிலிருந்ததை அந்த நர்சரிக் குப்பைக் கூடையிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

ஜெயராஜ் சாரின் சுவர்

பக்கத்து வீட்டு ஜெயராஜ் சார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு சர்ச்சுக்குப் புறப்பட்டால், அவர் கார் மேல் எங்கள் பலா இலை காய்ந்து ஒட்டிக்கிடக்கும். அதை அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போடுவார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

இலைக்குப் பேசாதவர் சுவருக்குப் பேசினார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள காம்பவுண்டு சுவர் அவர் கட்டியது. மரத்தின் வேர் அதனடியில் போய்ச் சுவரைத் தூக்கிவிட்டது. கை நுழைகிற அளவுக்கு விரிசல்.

"பிரதர், நான் மரத்துக்கு விரோதி இல்ல," என்றார். "பலன் குடுக்கிற மரம்னா பொறுத்துக்கலாம். இது காய்க்கவும் இல்ல, சுவரையும் தள்ளுது. என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க."

பயந்தவனிடம் முடிவைக் கேட்டால் என்ன வரும்? "இந்த வருஷம் காய்க்கலனா எடுத்துடறேன் சார்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கஸ்தூரி கையில் இருந்த முறத்தைத் தரையில் வைத்தாள். "மரத்த கேட்டியா?" என்றாள்.

மிரட்டும் முறை

பண்ருட்டிப் பக்கம் இருக்கும் சொந்தக்காரி ஒருத்திக்குக் கஸ்தூரி அன்றைக்கே போன் போட்டாள். அவள்தான் முறையைச் சொன்னாள். ஒருத்தர் கத்தியைத் தூக்கிக்கொண்டு மரத்தை வெட்டப் போகவேண்டும். இன்னொருத்தர் குறுக்கே வந்து, "வெட்டாதே, வர்ற வருஷம் காய்க்கும், நான் பொறுப்பு," என்று ஜாமீன் கொடுக்கவேண்டும். பிறகு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றவேண்டும். அவ்வளவுதான்.

"ஜாமீன் சொல்றவரு வெளி ஆளா இருக்கணுமாம்," என்றாள் கஸ்தூரி. "வூட்டு ஆளு சொன்னா மரம் நம்பாதாம்."

மிரட்டுகிற வேலையை எனக்குத்தான் கொடுத்தார்கள். அரிவாளோடு மரத்தின் முன்னால் நின்றேன். மரத்தைத் தடவிக்கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அந்த நேரத்தில் பின்தெருவில் கரண்ட் கம்பியில் உரசும் வேப்பங்கிளையை வெட்ட முனுசாமி வந்திருந்தார். காதில் பஞ்சு, தோளில் மிஷின். மிரட்ட இதைவிட நல்ல ஆள் கிடைப்பாரா? கூப்பிட்டோம்.

ஜாமீனுக்கு ஜெயராஜ் சாரைக் கூப்பிட்டாள் கஸ்தூரி. அவர் வாயாலேயே காய்க்கும் என்று சொல்லவைத்துவிட்டால் பிறகு மரத்தை வெட்டச் சொல்ல அவருக்கு மனசு வராது என்பது அவள் கணக்கு. கணக்கு வாத்தியாரிடமே கணக்குப் போட்டாள்.

சார் வந்தார். "நான் என்ன சொல்லணும்?" என்று கேட்டார். கஸ்தூரி சொல்லிக்கொடுத்தாள். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். நாங்கள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டோம்.

முனுசாமிக்கு நாடகத்தில் ஆசை இருந்திருக்கும் போல. என் அரிவாளை வாங்கி, அதன் பின்பக்கத்தால் மரத்தை ஒரு தட்டு தட்டி, "இன்னா மாமே, ஓசில நின்னுகினு கீறியா? காய்ப்பியா மாட்டியா? வெட்டிடவா?" என்று உறுமினார். கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

முனுசாமி சாரைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

சார் மரத்தைப் பார்த்தார்.

"சார், உங்க டயலாக்கு," என்றார் முனுசாமி.

சார் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நின்றார். வகுப்பில் நிற்கிற மாதிரி. "எனக்குத் தெரியாத விஷயத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு ஏத்துக்கறது? மனசறிஞ்சு சொல்லமுடியாது. என்னைக் கேட்டா, வெட்டிடறதுதான் சரி," என்றார்.

முனுசாமியின் பஞ்சு அடைத்த காதில் கடைசி வரிதான் விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன்.

கையில் ஒட்டிய பால்

நான் கத்தியதோடு சரி. அசைந்தது கஸ்தூரிதான். மரத்துக்கு ஊற்ற வைத்திருந்த வாளித் தண்ணீரை முனுசாமியின் முதுகில் விசிறி அடித்தாள். அவர் துள்ளி நகர்ந்தார். மிஷின் அணைந்தது.

"இன்னாம்மா இது! பெரியவரு வெட்டச் சொன்னாரு, வெட்டினேன்!"

"நாடகம்னு சொன்னேனா இல்லியா உன்னாண்ட?"

"நாடகம்னா சரியா நடிக்கிற ஆளைக் கூப்பிடு!"

பட்டையில் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. உள்ளே கட்டை மஞ்சளாகத் தெரிந்தது. அந்த மஞ்சள் எனக்குப் பழக்கமானது. பட்டறைக்குப் பக்கத்தில் இரும்பு வார்ப்பவர்கள் பலாக்கட்டையில்தான் அச்சு செய்வார்கள். கரையான் தொடாது, கோணாது. மிருதங்கத்துக்குக் கட்டை, கதவு, சன்னல் எல்லாம் அதில்தான். சீவலைத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் துணிக்குச் சாயம் இறங்கும். ஆனால் அதெல்லாம் செத்த மரம். உயிரோடு இருக்கும் மரத்துக்குள் அந்த மஞ்சளை நான் பார்த்ததில்லை.

பிறகு பால் வந்தது. சொட்டு சொட்டாக இல்லை, ஒழுகியது. என்ன செய்கிறேன் என்று தெரியாமல், ரத்தத்தை அழுத்துகிற மாதிரி உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். எடுத்தபோது ஐந்து விரலும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் இந்தப் பாலைக் காய்ச்சி, குச்சியில் தடவி, குருவி பிடித்தவர்களை எனக்குத் தெரியும். ஓட்டைப் பானையை அடைத்தவர்களையும் தெரியும். விரலைப் பிரிக்கமுடியாமல் நிற்கும்போதுதான் அந்தக் குருவிக்கு எப்படி இருந்திருக்கும் என்று புரிந்தது. தேங்காய் எண்ணெய் போட்டுத்தான் பிரித்தோம். முனுசாமியும் ரம்பச் சங்கிலிக்கு எண்ணெய் கேட்டார். "மிஷினே பேஜாராயிடுச்சு," என்று முனகிக்கொண்டே போனார்.

சார் வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தார். "நீங்க என்னைப் பொய் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கீங்க, பிரதர். அது எனக்கு வராது," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

கஸ்தூரி சாணியும் செம்மண்ணும் குழைத்து வெட்டுவாயில் அப்பினாள். சாக்கைச் சுற்றிக் கட்டினாள். நான் காலையும் மாலையும் போய் இலையைப் பார்த்தேன். ஒரு இலை மஞ்சளாக விழுந்தால்கூட எடுத்து வந்து அவளிடம் காட்டினேன். "பழுத்த இலை விழாம இன்னா பண்ணும்? போய்யா அந்தாண்ட," என்பாள்.

மரம் சாகவில்லை. காய்க்கவும் இல்லை. அடிமரத்தில் ஒவ்வொரு அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் பண்ருட்டிப் பலா லாரி லாரியாக வந்து இறங்கியது. நான் கொடுத்த வாக்கின் கெடு வந்துவிட்டது.

வாசனை

அப்போதுதான் அந்த நாற்றம் ஆரம்பித்தது.

முதலில் கேஸ் கசிவு என்றுதான் நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்? சோப்பு நுரையைக் குழாயில் தடவிப் பார்த்தேன். குமிழ் வரவில்லை. சிலிண்டரை வெளியே வைத்தேன். வெளியே இன்னும் அதிகமாக அடித்தது. இனிப்பும் அழுகலும் கலந்த ஒரு வாடை. கஸ்தூரி மூக்கைச் சுளித்து, "எலி செத்துக்கீது," என்றாள். எலியைத் தேடி மாடிப்படிக்கு அடியில் இருந்ததை எல்லாம் வெளியே எடுத்தோம். எலி இல்லை.

மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "பிரதர், கொஞ்சம் வந்து பாருங்க."

இத்தனை மாதம் கழித்து அவர் கூப்பிடுகிறார். போனேன். கார் நிறுத்தும் இடத்தில், சுவரை ஒட்டிப் பதித்திருந்த பேவர் பிளாக் கற்கள் வயிறு உப்பின மாதிரி மேலே எழும்பியிருந்தன. இடுக்கில் எறும்பு சாரை சாரையாக ஓடியது. நாற்றம் அங்கே ஆளைத் தள்ளியது. சாரின் மனைவி மேரி அக்கா கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு படியில் நின்றார்.

"இதுக்கு அடியிலதான் செப்டிக் டேங்க் பைப் போகுது," என்றார் சார். "உங்க வேர் பைப்பை உடைச்சிருச்சு. நாளைக்குத் தோண்ட ஆள் வராங்க. நாளை மறுநாள் மரத்தை எடுத்துடணும். முனுசாமிக்குச் சொல்லிட்டேன். இதுல இனிமே பேச்சு இல்ல."

"சரி சார்," என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கஸ்தூரி என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. தாழ்வான கிளையிலிருந்து கடைசியாக இட்லிக்கு நாலு இலையைப் பறித்துத் துடைத்து அடுக்கிவைத்தாள்.

கடப்பாரை

தோண்ட இரண்டு பேர் வந்தார்கள். கற்களைப் பெயர்த்தார்கள். அடியில் மணல் பிளந்திருந்தது. அதில் ஒருவர் கடப்பாரையை ஊன்றினார்.

பொதக் என்று உள்ளே போனது.

மண்ணில் போகும் சத்தம் இல்லை அது. பைப்பில் படும் சத்தமும் இல்லை. மெத்தென்று ஏதோ உடம்புக்குள் இறங்குகிற சத்தம். கடப்பாரையை இழுத்தபோது நுனியில் மஞ்சளாக, கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. வாடை எழுந்து முகத்தில் அறைந்தது. மேரி அக்கா, "ஏசப்பா!" என்று கத்தினார். யாரையோ புதைத்திருக்கிறார்கள், போலீஸ் வரும், பக்கத்து வீட்டுக்காரன் என்று என்னைத்தான் முதலில் கேட்பார்கள் என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

கடப்பாரை பிடித்தவர் நுனியை முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். "சார்... பலாப்பழம் சார்!"

மேரி அக்கா கைக்குட்டையை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

அவர் கையால் மணலை ஒதுக்கினார். என் தொடை கனத்துக்கு ஒரு வேர். அதில் காம்பு. காம்பில் ஒரு பழம், வெடித்து அழுகி, எறும்பும் வண்டுமாக. அதை ஒதுக்கினால் பக்கத்தில் இன்னொன்று. முள் சப்பையாகி, மண் அப்பி, முழுசாக.

இடுப்பு உயரத்தில் காய்த்த மரம், இன்னும் கீழே இறங்கிப்போயிருக்கிறது. நான் அடிமரத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க, அது மண்ணுக்குள்ளே, சுவரைத் தாண்டி, சாரின் காருக்கு அடியில் காய்த்திருக்கிறது. வெட்டின பிறகுதானே காய்த்தது? அந்த மிஷின் சத்தத்தில் பயந்து, யாருக்கும் தெரியாமல் போய் ஒளிந்து காய்த்ததோ என்று தோன்றியது.

"பைப் எங்கப்பா?" என்றார் சார். அதைத் தாண்டித் தோண்டினார்கள். பைப் தள்ளி இருந்தது. காய்ந்து, முழுசாக. சார் குனிந்து அதைத் தட்டிப் பார்த்தார். "பைப் நல்லாத்தான் இருக்கு," என்றார், தப்பாகத் திருத்திய விடைத்தாளைத் திரும்பப் பார்க்கிறவர் மாதிரி.

முழுப் பழத்தைக் கஸ்தூரி எங்கள் வீட்டுக்குத் தூக்கிவரவில்லை. சார் வீட்டுப் படியிலேயே செய்தித்தாள் விரித்து, கத்திக்கும் கைக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு பிளந்தாள். முதல் சுளையை மேரி அக்காவிடம் கொடுத்தாள். "உங்க வூட்டு மண்ணுல காய்ச்சது. நீங்கதான் முதல்ல சாப்புடணும்," என்றாள். மேரி அக்கா கடித்துவிட்டு, இன்னொன்றுக்குக் கை நீட்டினார். சார் சாப்பிடவில்லை. குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்போ அன்னிக்கு நான் வெட்டிடறதுதான் சரினு சொன்னது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டு, "எடுத்துடுங்க," என்று சொல்லிவிட்டால்?

மறுநாள் விடிந்தும் விடியாமல் பால் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வரும்போது, தெருமுனையிலேயே மிஷின் சத்தம் கேட்டது.

ஓடினேன். இந்த வயதில் அப்படி ஓடக்கூடாது. ஒரு செருப்பு எங்கோ கழன்றுபோனது. எங்கள் வீட்டு மூலையில் வெள்ளையாகப் புகை மாதிரி எழும்பிக்கொண்டிருந்தது. கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மரம் நின்றது. மரத்தடியில் யாரும் இல்லை.

சுவர்தான் ஆடியது.

அதன் அடிப்பக்கத்தில், வேர் நுழையும் இடத்தில், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வட்டத் தகடு சீறிக்கொண்டு வெளியே வந்தது. கோடு கிழித்தது. நின்றது. ஒரு செங்கல் உள்பக்கமாக நகர்ந்தது. அந்த ஓட்டையில் ஜெயராஜ் சாரின் முகம் தெரிந்தது. மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். தலை, புருவம், மீசை எல்லாம் சிமெண்டுத் தூசி. பக்கத்தில் மிஷினைப் பிடித்துக்கொண்டு கொத்தனார்.

"வந்துட்டீங்களா பிரதர்," என்றார். "இங்க வேர் போறதுக்கு வழி விட்டுட்டு, மேல குறுக்கே தாங்க ஒரு லிண்டல் வச்சுட்டா சுவர் நிக்கும்னு கொத்தனார் சொல்றார். உங்க பக்கத்துச் செங்கல் வேர் மேல விழுந்துடக்கூடாது. கொஞ்சம் பிடிங்க."

பால் பாக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். செங்கல்லுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தேன். சூடாக இருந்தது.

"நடுங்காதீங்க," என்றார் சார்.

"அது எப்பவும் நடுங்கும் சார். நீங்க அறுக்கச் சொல்லுங்க."